அலுமாரிக்குள் ஒரு மூச்சு

கடலைப் பதிய முடியவில்லை.
டச்சுக்குடா மணலில் மூன்று மாலை
ஒலிவாங்கியைக் கோலில் கட்டிப் பிடித்து நின்றோம்.
திரும்பப் போட்டுக் கேட்டால்
யாரோ தூரத்தில் வடை பொரிக்கிறார்கள்.

இம்தியாஸ் கிண்ணியாவிலிருந்து
ஒரு சுளகு கொண்டுவந்தான்.
அரைக்கொத்துப் பயறு போட்டு
சரித்தான். நிமிர்த்தினான்.
அலை வந்தது.
கண்ணை மூடியிருந்த நான்
காலை இழுத்துக்கொண்டேன்.
"பொய்தான் மச்சான்," என்றான்,
"ஆனா ஈரமான பொய்."

படம் ஒன்பது நிமிடம்.
கதை இவ்வளவுதான்:
பிரிந்து போகிறவள் மேசையில் சாவியை வைக்கிறாள்.
அவன் கோப்பை கழுவுகிறான்.
சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்தோம்.
சாவி, ஒரு சாவி.
கோப்பை, ஒரு கோப்பை.
இருவரும் நல்ல உடுப்புப் போட்டிருந்தார்கள்.

சாவிக்கே இரண்டு நாள் போனது.
வெறும் பலகையில் விழுந்தால் கோபம்.
தட்டில் விழுந்தால் சில்லறை.
மடித்த ஈரத் துவாய்மேல்
இம்தியாஸின் மோட்டார்சைக்கிள் சாவியை வைத்தபோதுதான்
எனக்கு வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது.
அவனிடம் சொல்லவில்லை.
அவனும் அடுத்ததைப் போடச் சொல்லிக் கேட்கவில்லை.

குரலுக்கு யசோதினி.
நீர்வழங்கல் சபையில்
முறைப்பாட்டுத் தொலைபேசிக்குப் பதில் சொல்கிறவள்.
"எனக்கு நடிக்க வராது" என்றாள்.
அதற்காகத்தான் கூப்பிட்டோம்.

கடற்கரை வீதி மாடியறை. இரவு ஒன்றரை.
அலுமாரியின் தட்டுகளைக் கழற்றி
கம்பளிகளுக்கு நடுவே அவளை இருத்தி
மின்விசிறியை நிறுத்தினோம்.
நகரம் அப்போதுதான் பேசத் தொடங்கியது.
துறைமுகத்தில் ஒரு கப்பல் தொண்டையைச் செருமியது.
மதிலோரம் ஒரு மான்
கிழிந்த தேர்தல் சுவரொட்டியை மென்றது,
ஒலிவாங்கிக்கு அதுவும் வசனம்.
மான் தின்று முடிக்கும்வரை காத்திருந்தோம்.

நான் எழுதியிருந்தது:
'வீடென்பது சுவர்களல்ல,
நினைவுகள் மூச்சுவிடும் கூடு...'
அலுமாரிக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது.
"வீட்டைவிட்டுப் போறவள்
இப்பிடியெல்லாம் யோசிப்பாளே?
காஸை மூடினனானோ எண்டுதான் யோசிப்பாள்."

பேனையால் நான்கு வரியையும் அடித்தேன்.
அவள் தன்பாட்டில் சொன்னாள்,
தண்ணீர் வெட்டு நேரம் அறிவிக்கிற அதே குரலில்:
"காஸை மூடிட்டன்.
பால் பிரிட்ஜில இருக்கு."
பிறகு ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள்.
அடுத்த சொல்லுக்கு முன்
அலுமாரிக் கதவு திறந்துகொண்டது.
"வேர்க்குது, என்னால ஏலாது."

வேர்வையை வெட்டினேன்.
மூச்சை வைத்தேன்.
சாவிக்குப் பிறகு, கோப்பைக்கு முன்,
இரண்டு வினாடி.
அதன் அடியில் பயற்றுக் கடல், மிகமிக மெல்ல.

நகரசபை மண்டபத்தில் நாற்பது கதிரைகள்,
முப்பத்தொரு பேர்.
விளக்குப் போட்டதும்
மீன்துறையில் ஐஸ் உடைக்கிற ஒருவர் கேட்டார்:
"கடைசியில அவள் 'வரட்டே' எண்டுதானே சொன்னவள்?"
மனைவி மறுத்தார்:
"இல்லையப்பா. 'தடுக்கமாட்டியா' எண்டு கேட்டவள்.
எனக்கு வடிவாக் கேட்டது."
முன்வரிசையில் ஒரு பள்ளிக்கூடப் பெடியன்
எதுவும் சொல்லாமல்
சப்பாத்து நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான்.

கடைசி வரிசையில் யசோதினி.
என்னைப் பார்த்து
சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்:
வேர்க்குது.

திங்கட்கிழமை எங்கள் வீட்டில் தண்ணீர் இல்லை.
இலக்கத்தை அழுத்தினேன்.
வணக்கம் சொல்லுமுன் அந்த மூச்சு.
தொலைபேசியைக் காதோடு அழுத்தி
எதற்கு எடுத்தேன் என்பதை மறந்து நின்றேன்.

"சொல்லுங்கோ. எந்த வீதி?"
சொன்னேன்.
"பின்னேரம் திறப்பினம்.
முதல்ல வெறும் காத்துச் சத்தம்தான் வரும்.
பைப்பைப் பூட்டிப்போடாதேங்கோ."